மாடு மேய்த்த சிறுவன், ஒலிம்பிக் அணியின் தலைவன்

ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் எந்த விளையாட்டில் கிடைத்தது என்று கேட்டால், நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவியும் ஹாக்கி என்று சொல்லிவிடுவாள். அந்த அணியில் ஆடிய பெரிய ஆட்டக்காரர் யார் என்றால் தியான் சந்த் என்பாள். அவ்வணியின் தலைவர் யார் என்று கேட்டால்தான் வகுப்பு முழுவதும் கூரையைப் பார்க்கிறது. மாணவிகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆசிரியைகளாகிய நம்மில் சிலருக்கும் புத்தகத்தைப் புரட்டிய பிறகே அந்தப் பெயர் தெரிந்தது. ஜெய்பால் சிங் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுதுவதென்று அப்போதே தீர்மானித்துக் கொண்டோம்.

பெயரைக் கேட்டதும் பஞ்சாபைச் சேர்ந்தவர் என்று எண்ணத் தோன்றும். அவர் முண்டா என்னும் பழங்குடியில் பிறந்தவர். சோட்டா நாகபுரிப் பீடபூமியில், ராஞ்சிக்குத் தெற்கே, காடும் மேட்டு வயலும் கலந்த பகுதியில் டக்ரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. இன்று அது ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில் உள்ளது. அங்கே 1903-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் அவர் பிறந்தார். வீட்டில் அவருக்கு வழங்கிய பெயர் பிரமோத் பாகன். பாகன் என்பது ஊர்ப் பூசாரிக் குடும்பங்களைக் குறிக்கும் பட்டம்.

அவர் பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் அதே மண்ணில் பிர்சா முண்டா வெள்ளையரையும் நிலம் பறித்தவர்களையும் எதிர்த்து எழுந்து, பிடிபட்டு, ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்திருந்தார். தங்கள் முன்னோர் காடு திருத்தி உண்டாக்கிய நிலம் கண்ணெதிரே கைமாறிப் போவதைக் கண்ட மக்கள் அவர்கள். அந்த நினைவு ஆறாத வீடுகளில் ஒன்றில்தான் பிரமோத் வளர்ந்தான். மாடு மேய்த்தான். காட்டுக்குப் போனான். மூங்கில் கழியை வளைத்து மட்டையாக்கி, கைக்குக் கிடைத்ததைப் பந்தாக்கி ஆடுவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். அங்கே இன்றும் ஊர்களுக்கிடையே நடக்கும் ஹாக்கிப் போட்டிகளில் வென்ற அணிக்கு ஓர் ஆடு பரிசாகக் கொடுக்கிறார்கள். வெள்ளிக் கோப்பையைவிட அது பயனுள்ள பரிசு என்று நமக்குத் தோன்றுகிறது.

ராஞ்சியில் ஆங்கிலிக்கன் சபை மறைத்தூதர்கள் நடத்திய புனித பவுல் பள்ளியில் சிறுவனைச் சேர்த்தார்கள். அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கேனன் காஸ்கிரேவ் என்ற குரு. படிப்பிலும் ஆட்டத்திலும் இப்பையன் மற்றவர்களுக்கு முன்னே நிற்பதை அவர் கவனித்தார். 1918-இல் அவர் இங்கிலாந்து திரும்பியபோது ஜெய்பாலையும் உடன் அழைத்துப் போனார். பதினைந்து வயது. ஊரில் பாதிப் பேர் ரயிலையே பார்த்திராத காலம்.

கான்டர்பரியில் புனித அகுஸ்தீனார் கல்லூரியில் படிப்பு. பிள்ளை குருத்துவம் பெற்று, திரும்பி வந்து, தன் மக்களிடையே இறைப்பணி செய்வான் என்பதே அவரை அனுப்பி வைத்தவர்களின் எதிர்பார்ப்பு. பிறகு 1922-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் புனித யோவான் கல்லூரியில் இடம் கிடைத்தது. குருவாக வேண்டும் என்ற எண்ணம் ஆக்ஸ்போர்டில் மெல்ல விலகிப் போயிற்று. அதற்காக அவரை வளர்த்தவர்கள் அவரைக் கைவிட்டுவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தாம் விதைத்தது தாம் எண்ணிய வடிவில் முளைக்காவிட்டாலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாத மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆக்ஸ்போர்டில் அவர் பொருளாதாரத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். சொற்போர் மன்றத்தில் பேசினார். இவற்றையெல்லாம்விட அவரை ஊரறியச் செய்தது ஹாக்கி. கோலுக்கு முன்னே நின்று எதிரியின் தாக்குதலைத் தடுக்கும் பின்காவல் இடம் அவருடையது. முன்வரிசையில் ஓடி கோல் போடுகிறவருக்குக் கிடைக்கும் கைத்தட்டல் இந்த இடத்தில் நிற்பவருக்குக் கிடைக்காது. ஆனால் பந்தை வேகமாகப் பறித்து, நேராக, தூரமாக அடித்து அனுப்புவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் வந்தது. ஆக்ஸ்போர்டு அணிக்கு ஆடுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ப்ளூ என்னும் மரியாதையை ஹாக்கியில் பெற்றார். ஆங்கில ஏடுகளில் ஆட்டத்தைப் பற்றி எழுதவும் செய்தார்.

அடுத்தது ஐ.சி.எஸ். அந்நாளில் அந்த மூன்று எழுத்துகளுக்கு இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர், அவர் சொல்லே சட்டம். வாழ்நாள் முழுதும் பெருஞ்சம்பளம், அதன் பிறகு ஓய்வூதியம். மகன் ஐ.சி.எஸ். ஆனால் ஏழு தலைமுறைக்குக் கவலையில்லை என்று பெற்றோர் எண்ணிய காலம். ஜெய்பால் அதில் தேறி, ஆக்ஸ்போர்டிலேயே பயிற்சியில் இருந்தார். மாடு மேய்த்த பிள்ளை மாவட்டத்தை ஆளப் போகிறான்.

இந்தச் சமயத்தில்தான் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது.

இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு 1925-இல் தோன்றியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கி இல்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் மறுபடி சேர்க்கிறார்கள் என்றதும், இந்தியா முதன்முறையாக ஓர் அணியை அனுப்புவதென முடிவாயிற்று. கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி வைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தார்கள். ஆட்டக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள், பணம்தான் கிடைக்கவில்லை. ஷௌகத் அலி, நாரிஸ் என்ற இருவரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்ற நிலை கடைசி நேரத்தில்தான் மாறியது. 1928 மார்ச் 10-ஆம் நாள் பம்பாயிலிருந்து கைசர்-இ-ஹிந்த் என்ற கப்பலில் பதின்மூன்று பேர் புறப்பட்டார்கள். உலகை வெல்லப் போகும் அவர்களை வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மூன்றே மூன்று பேர். போதாக்குறைக்கு, புறப்படுமுன் பம்பாய் அணியோடு ஆடிய ஆட்டத்தில் தோற்றும் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் இருந்த ஜெய்பால்தான் தலைவர். அணியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். பஞ்சாபின் முஸ்லிம்களும் சீக்கியரும் இருந்தார்கள். படையில் சாதாரண நிலையில் பணியாற்றிய தியான் சந்த் இருந்தார். கோல் காத்த ரிச்சர்ட் ஆலன் நைனிடாலில் உள்ள புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்றவர். மதமும் மொழியும் நிறமும் வேறு வேறான இத்தனை பேருக்கும் தலைமையேற்க, காட்டிலிருந்து வந்த ஒரு முண்டா இளைஞர்.

தலைமையேற்க வேண்டுமானால் விடுப்பு வேண்டும். ஜெய்பால் லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில் விடுப்புக் கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். பயிற்சியை விட்டுவிட்டு விளையாடப் போகக் கூடாது என்பது விதி.

மாணவிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. பின்னால் சொத்து இல்லை, சொந்த நாட்டில் சிபாரிசு செய்ய ஆள் இல்லை. அந்த வேலை ஒன்றுதான் கையில் இருந்த செல்வம். எதிர்ப்பக்கத்தில் இருந்ததோ, கூலி இல்லாத, வெல்வோமா என்பதும் தெரியாத ஓர் ஆட்டம். நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு நிலையில் நம்மிடம் யோசனை கேட்டால் நாம் என்ன சொல்லியிருப்போம்? வேலையை விடாதே என்றுதான் சொல்லியிருப்போம். அதில் தவறும் இல்லை. ஜெய்பால் யாரிடமும் யோசனை கேட்கவில்லை போலும். விடுப்பு இல்லாமலே அணியோடு புறப்பட்டுவிட்டார்.

1908-லும் 1920-லும் ஹாக்கியில் தங்கம் வென்ற பிரிட்டன் இம்முறை ஆம்ஸ்டர்டாமுக்கு அணி அனுப்பவில்லை. தாங்கள் ஆளும் நாட்டினரிடம் தோற்க நேருமோ என்ற அச்சமே காரணம் என்று அக்காலத்தில் பலரும் பேசிக் கொண்டார்கள். பேச்சைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் இங்கிலாந்து மைதானங்களில் இந்தியர் ஆடிய முன்னோட்ட ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

மே 17-ஆம் நாள் முதல் ஆட்டம். ஆஸ்திரியாவை 6-0 என்று வென்றார்கள். மறுநாளே பெல்ஜியம், 9-0. 20-ஆம் நாள் டென்மார்க், 5-0. 22-ஆம் நாள் சுவிட்சர்லாந்து, 6-0. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் பந்தை ஓங்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடினார்கள். இந்தியர்களோ பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குறுகிய தூரத்தில் ஒருவர்க்கொருவர் தள்ளித் தள்ளி முன்னேறினார்கள். மணிக்கட்டின் திருப்பமே அவர்கள் ஆட்டத்தின் உயிர். தடுக்க வந்தவர் குனிந்து நிமிர்வதற்குள் பந்து வேறொருவரிடம் போயிருக்கும்.

நான்கு ஆட்டமும் வென்றாயிற்று. மே 26-ஆம் நாள் இறுதி ஆட்டம், அந்நாட்டு அணியான ஹாலந்துடன். அந்த ஆட்டத்தில் ஜெய்பால் சிங் இல்லை.

இது நமக்கு வருத்தம் தரும் பகுதி. ஆனாலும் மறைக்கக் கூடாது. இறுதி ஆட்டத்துக்கு முன்பே தலைவர் அணியை விட்டு விலகிவிட்டார். அணி நிர்வாகியோடு ஏற்பட்ட மனத்தாங்கல் என்கிறார்கள் சிலர். ஐ.சி.எஸ். விவகாரம் துரத்தியது என்கிறார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும், வேலையைப் பணயம் வைத்து வந்தவர் வெற்றிக் கம்பத்தைத் தொடாமலே திரும்பினார். அவருக்குப் பதிலாகப் பின்னிகர் அணியை நடத்தினார்.

அன்று அணியின் நிலையும் பரிதாபமே. ஃபெரோஸ் கான் காயம்பட்டிருந்தார். ஷௌகத் அலியும் கேர் சிங்கும் படுக்கையில். தியான் சந்துக்கோ நல்ல காய்ச்சல். படைவீரன் படுத்துக் கிடக்கலாகாது என்று எழுந்து மைதானத்துக்கு வந்தார். சொந்த ஊர் மக்கள் ஆரவாரம் செய்ய ஆடிய ஹாலந்து அணி 3-0 என்று தோற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்டவை 29 கோல்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதி தியான் சந்தின் மட்டையிலிருந்து வந்தவை. இந்தியா வாங்கியவை? ஒன்றுகூட இல்லை. ஆலன் காத்த கோலுக்குள் அந்தப் பந்தயம் முழுவதும் பந்து நுழையவே இல்லை. கோல் போட்டவர்களையே கொண்டாடும் நம் வழக்கத்தில் இந்தச் சுழியத்துக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை. நம் பள்ளி அணியில் கோல் காக்கும் மாணவிகள் இதைக் குறித்துக் கொள்வார்களாக.

இந்தியாவுக்கு மட்டுமல்ல, ஆசியக் கண்டத்துக்கே ஒலிம்பிக் ஹாக்கியில் அதுதான் முதல் தங்கம். ஆனால் அன்று கொடிக் கம்பத்தில் ஏறியது நம் மூவர்ணக் கொடி அல்ல. பம்பாய்த் துறைமுகத்தில் மூவர் மட்டும் வழியனுப்பிய அணியை வரவேற்க, திரும்பும்போது பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அந்த மாலைகளிலும் ஜெய்பாலுக்குப் பங்கில்லை. அவர் இங்கிலாந்தில் இருந்தார்.

அங்கே அவருக்குக் காத்திருந்தது ஓர் உத்தரவு. அனுமதியின்றிப் போனதால் பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும். ஓராண்டுதானே என்று பல்லைக் கடித்துக் கொண்டிருந்தால் கலெக்டராகி இருப்பார். நாட்டுக்காக ஆடியதைக் குற்றமாக ஒப்புக்கொள்ள அவர் மனம் இடம் தரவில்லை. ஐ.சி.எஸ்.ஸைத் துறந்தார். பிடிவாதம் என்று சொல்லலாம். அந்தப் பிடிவாதம் பின்னாளில் பல லட்சம் பேருக்குப் பயன்பட்டது என்பதால் நாம் அதைக் குறை கூறவில்லை.

பிறகு பத்தாண்டுகள் பல இடங்களில் பல பணிகள். கல்கத்தாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம். காங்கிரசின் முதல் தலைவரான டபிள்யூ. சி. பானர்ஜியின் பேத்தி தாராவை மணந்தார். ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என அழைக்கப்பட்ட இன்றைய கானாவில் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர். அரசகுமாரர்கள் படித்த ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியில் பணி. பிக்கானீர் சமஸ்தானத்தில் உயர் பதவி. நல்ல உடுப்பு, நல்ல ஆங்கிலம், நல்ல வாழ்வு. அப்படியே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது.

1938-இன் கடைசியில் அவர் ராஞ்சிக்கு வந்தார். சொந்த மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கண்ணால் கண்டார். நிலம் போயிருந்தது. பள்ளி எட்டாத ஊர்கள் ஏராளம். வயிற்றுப் பிழைப்புக்காகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொண்டிருந்தார்கள். 1939 ஜனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை தாங்கும்படி அவரை வேண்டினார்கள். வில்லும் அம்பும் மேளமும் ஏந்தி, நாள்கணக்கில் நடந்தே வந்து கூடிய மக்களுக்கு முன்னால், ஆக்ஸ்போர்டில் படித்த அந்தக் கனவான் எழுந்து நின்றார். அன்று முதல் அவர்களுக்கு அவர் மரங் கோம்கே. பெருந்தலைவர் என்று பொருள்.

1946-இல் அரசியல் நிர்ணய சபை கூடியபோது பீகாரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கே போனார். நேருவும் படேலும் அம்பேத்கரும் அமர்ந்திருந்த சபை. டிசம்பர் 19-ஆம் நாள் அவர் பேச எழுந்தார். தம்மைக் காட்டு மனிதன் என்று பிறர் அழைப்பதை அறிவேன், அப்படி அழைக்கப்படுவதில் தமக்கு வெட்கமில்லை என்ற பொருளில் தொடங்கினார். தம் மக்களுக்கு ஜனநாயகத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து மற்றவர்கள்தாம் கற்க வேண்டும் என்றார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏமாற்றப்பட்டும் துரத்தப்பட்டும் வந்தவர்கள், ஆனாலும் புதிய இந்தியாவில் எல்லோரும் சமம் என்ற நேருவின் சொல்லை நம்பி உடன் வருகிறார்கள் என்று கூறினார். இன்னொன்றும் சொன்னார், பெண்கள் பள்ளி மலரில் இதை விட்டுவிட முடியாது. இந்தச் சபையில் ஆண்கள் மிக அதிகமாக இருக்கிறார்கள், பெண்கள் இன்னும் வேண்டும் என்றார்.

சட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர் பின்காவல் ஆட்டக்காரரின் கண்ணோடுதான் பார்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. எந்தப் பக்கமிருந்து பந்து வந்தாலும் முன்னே போய் நின்றார். தம் மக்களைக் காட்டுச் சாதியார் என்று பொருள்படும் சொல்லால் குறிக்கக் கூடாது, ஆதிவாசி என்பதே தகுந்த சொல் என்று வாதாடினார். சட்டத்தில் அச்சொல் ஏறவில்லை. மதுவிலக்கைச் சட்டத்தில் சேர்க்க வந்தபோது, நாற்று நடும் காலத்தில் சேற்றில் நிற்கும் தம் மக்களுக்கு அரிசிக் கள் உணவோடும் சடங்கோடும் சேர்ந்தது என்று எதிர்த்தார். இதில் அவரோடு உடன்படுவோர் நம் வாசகர்களில் குறைவாகவே இருப்பர். ஆனால் காந்தியடிகளின் தொண்டர்கள் நிறைந்த சபையில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அந்தச் சபை நடந்து கொண்டிருந்த நாள்களில்தான், 1948 ஆகஸ்டில், லண்டன் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில் சுதந்திர இந்தியாவின் ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று வென்றது. இம்முறை ஏறியது மூவர்ணக் கொடி. இருபதாண்டுகளுக்கு முன் பிரிட்டன் வராமல் போனதால் ஆட முடியாமற்போன அந்த ஆட்டத்தை இளையவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள்.

அரசியலில் அவருக்கு வெற்றியும் உண்டு, சறுக்கலும் உண்டு. ஆதிவாசிகளுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கினார். சேவல் அதன் சின்னம். 1952 தேர்தலில் பீகார் சட்டசபையில் 32 இடங்கள் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஆனால் மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1963-இல் அவர் தம் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். அவரை நம்பி நடந்து வந்தவர்களில் பலர் அதைப் பெரும் பிழையாகக் கருதினார்கள். நாமும் அப்படியே எண்ணுகிறோம். இறுதி ஆட்டத்துக்கு முன் விலகியது ஆம்ஸ்டர்டாமில் ஒரு முறை, இங்கே மறுமுறை.

எனினும் குந்திப் பகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. முதல் மக்களவை தொடங்கித் தொடர்ந்து அங்கே உறுப்பினராக இருந்தார். 1970 மார்ச் 20-ஆம் நாள் டெல்லியில் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், உருவாயிற்று. ராஞ்சி நகரின் நடுவே ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பின் அந்தப் பீடபூமியிலிருந்து ஹாக்கிக்கு வந்தவர்கள் பலர். மைக்கேல் கிண்டோ 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியில் ஆடினார். சில்வானுஸ் டுங்டுங் 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஹாக்கி தொடங்கியதும் அந்த 1980-இல்தான். 2021-இல் டோக்கியோவில் நம் பெண்கள் அணி பலம் வாய்ந்த ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 1-0 என்று வென்று, கடைசியில் வெண்கலத்தை ஒரே கோலில் பிரிட்டனிடம் இழந்து நான்காவதாக வந்தது. அன்று நம் விடுதி மாணவிகள் தொலைக்காட்சிக்கு முன் அழுத அழுகை நமக்கு மறக்கவில்லை.

அந்த அணியில் ஆடிய நிக்கி பிரதான் என்ற பெண்ணின் ஊர் ஹேசல். அது ஜெய்பால் பிறந்த டக்ரா இருக்கும் அதே குந்தி மாவட்டத்தில் இருக்கிறது.